நிறுவனர் போன பிறகும் நிறுவனம் நிற்பது எதனால்? டாடா குழுமத்தை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1. ஒரு நிறுவனத்தின் நீடித்த வெற்றிக்கு அதைத் தொடங்கியவரின் ஆளுமைதானே காரணம்?

தொடக்க ஆண்டுகளைப் பொறுத்தவரை அப்படிச் சொல்லலாம். கடன் கொடுப்பவர் அவருடைய முகத்தைப் பார்த்துக் கொடுக்கிறார். வேலைக்கு வருபவர் அவருடைய பேச்சை நம்பி வருகிறார். வாடிக்கையாளர் அவருடைய வாக்குக்காக முன்பணம் தருகிறார். ஆனால் ஆளுமை ஆளோடு போய்விடும். அதற்குப் பின்னும் ஒரு நிறுவனம் நூறாண்டு தாண்டி நிற்கிறதென்றால், அவர் வேறு எதையோ விட்டுச் சென்றிருக்க வேண்டும். லாபம் கடைசியில் யாரிடம் போய்ச் சேர்கிறது, தலைவரைப் பார்த்து ‘இது கூடாது’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது, தலைவர் எப்போது நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும் என்ற மூன்றுக்கும் அவரோ அவருக்கு அடுத்து வந்தவர்களோ என்ன ஏற்பாடு செய்தார்கள் என்பதையே நான் முதலில் பார்ப்பேன். கீழே உள்ள விடைகளில் பெரும்பாலானவை, 1868-ல் 21,000 ரூபாய் முதலோடு பம்பாயில் ஜாம்ஷெட்ஜி டாடா தொடங்கிய வணிகத்தின் வரலாற்றிலிருந்து வருகின்றன. அங்கே இந்த மூன்று ஏற்பாடுகளும் வெவ்வேறு தலைமுறைகளில், சில நேரம் மிகவும் தாமதமாகவும் ஒன்றோடொன்று மோதியும் அமைந்தன என்பதால் அந்த வரலாறு பாடமாக உதவுகிறது.

2. ஜாம்ஷெட்ஜி டாடா தம் கனவுகள் நிறைவேறியதைப் பார்த்தாரா?

மூன்று பெரிய திட்டங்களில் ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை. இரும்பாலை, நீர்மின் நிலையம், அறிவியல் ஆய்வுக்கான உயர்கல்வி நிலையம் ஆகிய மூன்றுக்காகவும் ஆண்டுக்கணக்கில் அலைந்தவர், 1904 மே மாதம் ஜெர்மனியில் காலமானார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 1909-ல் நிறுவப்பட்டது. இரும்பாலையில் முதல் எஃகு வார்ப்பு 1912-ல் வெளிவந்தது. நீர்மின்சாரம் பம்பாய்க்கு வந்தது 1915-ல். அவர் கண்ணால் கண்டது 1903-ல் திறக்கப்பட்ட தாஜ் மகால் ஓட்டல் மட்டுமே.

அப்படியிருந்தும் அந்தத் திட்டங்கள் அவரோடு புதைந்து போகாததற்குக் காரணம், மகன்கள் தோராப்ஜிக்கும் ரத்தன்ஜிக்கும் இருந்த தந்தைப் பாசம் மட்டுமல்ல. அவர் வேலையைப் பாதி வழியிலேனும் மற்றவர் கையில் ஒப்படைத்திருந்தார். அமெரிக்காவிலிருந்து நிலவியல் அறிஞரை வரவழைத்துத் தாது தேடும் பணியைத் தொடங்கி வைத்திருந்தார். அறிவியல் கழகத்துக்கென்று பம்பாயில் தமக்கிருந்த 14 கட்டடங்களையும் நான்கு நிலங்களையும் ஒதுக்கியிருந்தார். ஆலைக்கு இடமே முடிவாகாத 1902-ல் மகனுக்கு எழுதிய கடிதத்தில், வரப்போகும் ஊரின் தெருக்கள் அகலமாக இருக்க வேண்டும், விரைவாக வளரும் நிழல் மரங்களை நட வேண்டும், விளையாட்டுத் திடலுக்கும் பூங்காவுக்கும் கோயில், மசூதி, தேவாலயத்துக்கும் இடம் விட வேண்டும் என்று எழுதியிருந்தார். இரும்பு கிடைக்குமா என்பதே தெரியாத நேரத்தில் மர நிழலைப் பற்றி எழுதியதைச் சிலர் கனவு மயக்கம் என்பார்கள். எனக்கு அது ஒரு வேலைக் குறிப்பாகத்தான் தெரிகிறது, ஏனென்றால் படிப்பவர் அப்படியே செய்து முடிக்கக்கூடிய அளவுக்கு அது தெளிவாக இருக்கிறது.

3. நல்ல தலைவர் ஆட்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்?

ஜாம்ஷெட்ஜி 1877 ஜனவரி 1 அன்று நாக்பூரில் எம்ப்ரஸ் மில் என்ற பஞ்சாலையைத் திறந்தபோது, அதை நடத்த பெசோன்ஜி தாதாபாய் மேத்தா என்பவரை அமர்த்தினார். அவர் ரயில்வேயில் சரக்குப் பிரிவில் இருந்தவர். பஞ்சாலையைப் பற்றி ஒன்றும் அறியாதவர். தொழில் தெரிந்தவரைத் தேடாமல் கற்றுக்கொள்ளக் கூடியவரைத் தேடியது அந்தக் காலத்தில் துணிச்சலான காரியம். பின்னர் வளைய நூற்புக் கதிர் என்ற புதிய இயந்திரம் வந்தபோது, இங்கிலாந்து ஆலைகளே தயங்கிக்கொண்டிருக்க, இந்த இருவரும் அதை நாக்பூரில் வைத்துச் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள். பழைய முறையில் ஊறிய ஒருவர் மேலாளராக இருந்திருந்தால் இது இவ்வளவு எளிதில் நடந்திருக்குமா என்பது ஐயமே.

4. தொழிலாளர் நலத் திட்டங்கள் அறத்தால் வந்தவையா, வியாபாரக் கணக்கால் வந்தவையா?

இரண்டாலும் வந்தவை, அதை மறைக்கத் தேவையில்லை. எம்ப்ரஸ் மில்லில் ஆட்கள் நினைத்த நாளில் வருவதும் நினைத்த நாளில் ஊருக்குப் போவதும் பெரிய தலைவலியாக இருந்தது. அபராதம் போடுவதற்குப் பதிலாக ஜாம்ஷெட்ஜி ஓய்வூதியம், விபத்து இழப்பீடு, 1901-ல் வருங்கால வைப்பு நிதி என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். ஆலைக்குள் காற்றோட்டத்துக்கும் ஈரப்பதத்துக்கும் கருவிகளைப் பொருத்தினார். தொழிலாளிக்கு அங்கேயே இருக்க ஒரு காரணம் கிடைத்தது, ஆலைக்கு நிலையான கைகள் கிடைத்தன. இரும்பாலையில் 1912-லேயே எட்டு மணி நேர வேலை வந்துவிட்டது. நாட்டில் அது சட்டமானது 1948-ல்.

ஆனால் இதை வைத்து, இரும்பாலை எழுந்த ஊரான ஜாம்ஷெட்பூரை ஒரு சொர்க்கபுரியாக வரைவது தவறு. 1920-லும் 1922-லும் அங்கே வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1928-ல் நீண்ட போராட்டம் மூண்டு, சுபாஷ் சந்திர போஸ் வந்து தொழிலாளர் தரப்பில் நின்று பேச வேண்டியிருந்தது. நிறுவனரின் நல்லெண்ணம் சங்கத்துக்கு மாற்றாகிவிடாது என்பதை அந்த ஊர் மூன்று முறை பார்த்தது.

5. நெருக்கடி நேரத்தில் தலைவர் என்ன செய்கிறார் என்பது அவ்வளவு முக்கியமா?

1924-ஐப் பாருங்கள். முதல் உலகப் போரில் தண்டவாளம் விற்றுச் செழித்த ஆலை, போர் முடிந்ததும் பெரும் செலவில் விரிவாக்கத்தில் இறங்கியிருந்தது. விலை சரிந்தது, வெளிநாட்டு எஃகு மலிவாக வந்து குவிந்தது, வாங்கிக்கொண்டிருந்த ஜப்பானில் 1923-ல் நிலநடுக்கம் வந்தது. அடுத்த ஆண்டு ஒருநாள், சம்பளம் கொடுக்கப் பணமில்லை என்று ஜாம்ஷெட்பூரிலிருந்து பம்பாய்க்குத் தந்தி வந்தது. தோராப்ஜி தம் சொந்தச் சொத்து முழுவதையும், மனைவி மெஹர்பாயின் நகைகளையும், அவற்றில் 245 காரட் எடையுள்ள ஜூபிலி வைரத்தையும் சேர்த்து இம்பீரியல் வங்கியில் அடமானம் வைத்து ஒரு கோடி ரூபாய் கடன் வாங்கினார். இரும்பாலையோ ஒரு கூட்டுப் பங்கு நிறுவனம். 1907-ல் லண்டனில் முதல் திரட்ட முடியாமல் பம்பாய்க்குத் திரும்பி வந்தபோது, மூன்றே வாரத்தில் ஏறக்குறைய 8,000 இந்தியர்கள் அதன் பங்குகளை வாங்கியிருந்தார்கள். நட்டம் வந்தால் பங்குதாரர் தலையில் போட்டுவிட்டு விலகிப் போக அவருக்குச் சட்டப்படி எந்தத் தடையும் இல்லை.

இதை வீரக் கதையாகச் சொல்வதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அதே ஆண்டு அரசு இறக்குமதி எஃகுக்குப் பாதுகாப்பு வரி விதித்தது. அது இல்லாமல் வைரம் மட்டும் ஆலையைக் காப்பாற்றியிருக்காது. என்றாலும், கடன் கொடுத்த வங்கிக்கும், கூலிக்குக் காத்திருந்த தொழிலாளிக்கும், பங்கு வைத்திருந்த நடுத்தர வர்க்கத்து மனிதருக்கும் ‘இந்தக் குடும்பம் ஓடிவிடாது’ என்ற செய்தி போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு அந்தப் பெயருக்குச் சந்தையில் கிடைத்த மதிப்பு எந்த விளம்பரத்தாலும் வந்திருக்க முடியாது.

6. டாடா குழுமத்தின் உண்மையான உரிமையாளர் யார்?

நேராகச் சொன்னால் அறக்கட்டளைகள். குழும நிறுவனங்களின் பங்குகளை வைத்திருக்கும் தாய் நிறுவனம் டாடா சன்ஸ். அந்த டாடா சன்ஸின் பங்குகளில் ஏறக்குறைய 66 விழுக்காடு டாடா அறக்கட்டளைகளிடம் இருக்கிறது. ஜாம்ஷெட்ஜியின் இளைய மகன் ரத்தன்ஜி 1918-ல் இறந்தபின் அவருடைய சொத்திலிருந்து 1919-ல் ஓர் அறக்கட்டளை உருவானது. மூத்தவர் தோராப்ஜி, மனைவி இறந்த அடுத்த ஆண்டு, 1932-ல், தம்மிடமிருந்த எல்லாவற்றையும் இன்னோர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். சில மாதங்களில் தாமும் காலமானார். அடமானத்திலிருந்து மீண்ட அந்த வைரமும் பின்னர் விற்கப்பட்டு அறக்கட்டளையின் பணமானது. பம்பாயின் டாடா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் சமூக அறிவியல் கழகமும் அந்தப் பணத்தில் எழுந்தவை.

இதன் விளைவை நம் ஊர்க் கண்ணோடு பார்த்தால் உடனே புரியும். அப்பா ஆலை தொடங்கினார். மகன்கள் மூவர் பெருக்கினார்கள். பேரன்கள் ஒன்பது பேர் பாகம் கேட்டார்கள். ஆலை நிலம் மனைகளாகப் பிரிந்தது. இந்தக் கதை நமக்குப் பழக்கமானது. டாடா சன்ஸின் பெரும்பகுதி அறக்கட்டளையிடம் இருப்பதால் அங்கே பாகம் கேட்க ஆளில்லை. ஈவுத்தொகை மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போகிறது. உடனே விற்றுக் காசாக்க வேண்டிய நெருக்குதல் யாருக்கும் இல்லை. இதை முழுக்க முன்யோசனை என்று புகழ்ந்துவிடவும் முடியாது, ஏனென்றால் அண்ணன் தம்பி இருவருக்கும் குழந்தை இல்லை. பிள்ளைகள் இருந்திருந்தால் அவர்கள் எழுதிய உயில் எப்படி இருந்திருக்கும் என்பதை யாரால் சொல்ல முடியும்?

7. ஜே.ஆர்.டி. டாடா 53 ஆண்டுகள் தலைவராக இருந்தது நன்மையா, தீமையா?

1938-ல் 34 வயதில் பொறுப்பேற்று 1991-ல் இறங்கிய ஜே.ஆர்.டி., ஜாம்ஷெட்ஜியின் நேர் வழித்தோன்றல் அல்ல, உறவினரான ஆர்.டி. டாடாவின் மகன். திறமையானவர்களைக் கண்டுபிடித்து ஆளுக்கொரு நிறுவனத்தைக் கொடுத்துவிட்டு, நடுவில் தலையிடாமல் இருப்பது அவருடைய பாணி. எஃகில் ருசி மோடி, ரசாயனத்திலும் தேயிலையிலும் தர்பாரி சேத், ஓட்டலில் அஜித் கேர்க்கர் என்று பெரிய ஆளுமைகள் வளர்ந்தது அந்தச் சுதந்திரத்தால்தான். 1968-ல் தொடங்கப்பட்ட டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் (டி.சி.எஸ்.) என்ற மென்பொருள் நிறுவனத்தை எஃப்.சி. கோலி, கணினி என்றால் பலருக்கும் புரியாத காலத்தில், வளர்த்தெடுத்ததும் அதே சூழலில்தான்.

தீமையும் அதே வேரிலிருந்து வந்தது. 1970 வரை டாடா சன்ஸ் தன் நிறுவனங்களை ‘மேனேஜிங் ஏஜென்சி’ என்ற ஒப்பந்த முறையால் ஆண்டது. பங்கு குறைவாக இருந்தாலும் நிர்வாகம் கையில் இருந்தது. அரசு அந்த முறையை ஒழித்ததும், பல பெரிய நிறுவனங்களில் டாடா சன்ஸின் பங்கு ஒற்றை இலக்க விழுக்காடு மட்டுமே என்ற உண்மை வெளிச்சத்துக்கு வந்தது. குழுமத்தை அதற்குப் பின் ஒட்டவைத்திருந்தது ஜே.ஆர்.டி. என்ற மனிதர்மீது எல்லோருக்கும் இருந்த மரியாதை ஒன்றுதான். ஆளுகிறவர்கள் குறுநில மன்னர்களாக மாறினார்கள்; ஓய்வு வயது இல்லை; அவரவர் வாரிசை அவரவர் தேர்ந்தார்கள். அவர் நல்லவராக இருந்ததால் அந்த ஓட்டை இருபது ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை.

8. தலைவர் சிறு விவரங்களிலும் கவனம் செலுத்த வேண்டுமா?

ஜே.ஆர்.டி. செலுத்தினார், குறிப்பாக விமானத்தில். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தாமே அஞ்சல் விமானத்தை ஓட்டி வந்தவர் அவர். அந்தச் சேவையிலிருந்து வளர்ந்த ஏர் இந்தியா 1953-ல் நாட்டுடைமையான பிறகும் 1978 வரை அதன் தலைவராக நீடித்தார். ஒவ்வொரு பயணத்திலும் குறிப்பெடுப்பார்: தேநீரும் காப்பியும் ஒரே நிறத்தில் இருக்கின்றன, இருக்கை சரியாகச் சாயவில்லை, கழிப்பறை சுத்தமாக இல்லை என்று அதிகாரிகளுக்கு எழுதுவார். அந்தக் கண் இருந்தவரை ஏர் இந்தியாவுக்கு உலகில் நல்ல பெயர் இருந்தது. அரசு அவரை நீக்கிய பிறகு அந்தப் பெயர் மெல்லத் தேய்ந்தது. இதற்குப் போட்டி, கடன், அரசியல் தலையீடு என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் தேநீரின் நிறத்தைப் பார்ப்பது ஒருவருடைய பழக்கமாகவே நின்றுவிட்டது, நிறுவனத்தின் பழக்கமாகவில்லை என்பதும் அவற்றில் ஒன்று. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடாக்களிடமே திரும்பி வந்தபோது, ஏறக்குறைய எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

9. ஜே.ஆர்.டி.க்குப் பிறகு 1991-ல் தலைவரான ரத்தன் டாடா என்ன மாற்றினார்?

பலரும் டெட்லி தேயிலை, கோரஸ் எஃகு, ஜாகுவார் லேண்ட் ரோவர் கார் ஆகிய வெளிநாட்டு நிறுவனங்களை வாங்கியதையும் நானோ காரையும் சொல்வார்கள். நான் அவற்றுக்கு முன் நடந்த, செய்தித்தாளில் அவ்வளவாக இடம்பெறாத வேலைகளைச் சொல்வேன். முதலில் ஓய்வு வயது விதிக்கப்பட்டது. குறுநில மன்னர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். ருசி மோடி 1993-ல் பெரும் சச்சரவுக்குப் பிறகு போனார். அடுத்து, நிறுவனங்களில் டாடா சன்ஸின் பங்கு விழுக்காடு படிப்படியாக உயர்த்தப்பட்டது, 2004-ல் டி.சி.எஸ். பங்குகளைச் சந்தையில் விற்று வந்த பணமும் இதற்குக் கைகொடுத்தது. ‘டாடா’ என்ற பெயரைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, வருவாயில் கால் விழுக்காடு வரை கட்டணம் செலுத்த வேண்டும், நடத்தை விதிகளுக்கும் கட்டுப்பட வேண்டும் என்றானது. மரியாதையால் கட்டப்பட்டிருந்த குழுமம் காகிதத்தாலும் பங்காலும் கட்டப்பட்டது.

ஒரு சிறு விமர்சனத்தையும் சேர்க்க வேண்டும். விதியைக் கொண்டுவந்தவருக்கே 2002-ல் 65 வயதானபோது, அவர் அன்றாட நிர்வாகப் பொறுப்பு இல்லாத, செயல்சாராத் தலைவராக மாறித் தொடர்ந்தார். பிறகு அந்தப் பதவிக்கான வயது வரம்பும் 75-ஆக உயர்ந்தது. 2012 டிசம்பரில், சரியாக 75-ல், அவர் இறங்கினார்.

10. அவ்வளவு ஏற்பாடும் இருந்தும் 2016-ல் சண்டை ஏன் வந்தது?

2012-ல் தலைவரான சைரஸ் மிஸ்திரியை 2016 அக்டோபர் 24 அன்று டாடா சன்ஸ் இயக்குநர் குழு நீக்கியது. அவருடைய குடும்பத்தின் ஷாபூர்ஜி பல்லோன்ஜி குழுமத்திடம் டாடா சன்ஸின் 18 விழுக்காட்டுக்கும் சற்று அதிகமான பங்கு இருந்தது. நீக்கத்தை எதிர்த்த வழக்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் 2019-ல் மிஸ்திரிக்குச் சாதகமாகவும், 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் டாடா சன்ஸுக்குச் சாதகமாகவும் முடிந்தது.

நிறுவனத்தின் தலைவர் ஒருவர். பெரும்பங்கு வைத்திருக்கும் அறக்கட்டளைகளின் தலைவர் இன்னொருவர். 2012-க்கு முன் இரண்டு நாற்காலியிலும் ரத்தன் டாடாவே இருந்தார், எனவே கேள்வி எழவில்லை. அவர் ஒன்றிலிருந்து எழுந்து மற்றொன்றில் அமர்ந்திருந்தபோதுதான், யார் யாரிடம் எதைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்பது தெளிவாக எழுதப்படவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. ‘இது கூடாது’ என்று சொல்லும் அதிகாரம் அறக்கட்டளை நியமித்த இயக்குநர்களுக்கு விதிகளில் இருந்தது. அதை எப்போது, எந்த அளவுக்குப் பயன்படுத்துவது என்ற மரபுதான் இல்லை.

11. அறக்கட்டளை இல்லாத நிறுவனங்களில் இது எப்படி நடக்கிறது?

இன்ஃபோசிஸ் நல்ல எதிர்முனை. 1981-ல் ஏழு பொறியாளர்கள், சுதா மூர்த்தி கொடுத்த 10,000 ரூபாயில் தொடங்கியது. நாராயண மூர்த்தி, நந்தன் நிலேகணி, கிரிஸ் கோபாலகிருஷ்ணன், ஷிபுலால் என்று தலைமைச் செயல் அதிகாரி பதவி நிறுவனர்களுக்குள்ளேயே முறைவைத்துச் சுற்றிவந்தது. நிறுவனர்களின் பிள்ளைகள் நிர்வாகத்துக்குள் வரக் கூடாது என்ற நிலைப்பாடும் இருந்தது. 1995-ல் வருவாயில் ஏறக்குறைய கால்பங்கைத் தந்துகொண்டிருந்த ஜெனரல் எலெக்ட்ரிக், விலையைக் கட்டுப்படியாகாத அளவுக்குக் குறைக்கச் சொன்னபோது, அந்த வேலையையே விட்டுவிட்டு வந்தார்கள்.

ஆனால் வளர்ச்சி தளர்ந்த 2013-ல் ஓய்வுபெற்றிருந்த மூர்த்தி திரும்பி வந்தார், மகனையும் உதவியாளராக அழைத்து வந்தார். அடுத்த ஆண்டு வெளியிலிருந்து வந்த முதல் தலைமைச் செயல் அதிகாரியான விஷால் சிக்கா, நிறுவனர் தரப்பின் வெளிப்படையான விமர்சனத்துக்கு நடுவே 2017 ஆகஸ்டில் பதவி விலகினார். நிலேகணி தலைவராகத் திரும்பினார். நிறுவனர்கள் கையில் அப்போது சிறுபான்மைப் பங்குதான் இருந்தது. பங்கைக் கொண்டு பார்த்தால் அவர்கள் சாதாரண முதலீட்டாளர்கள், சொல்லைக் கொண்டு பார்த்தால் முதலாளிகள். கட்டிய வீட்டை விற்றபின்னும் வாசலில் நின்று சுண்ணாம்பு அடிக்கும் விதத்தைக் குறை சொல்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். குறை சரியாகவே இருந்தாலும் உள்ளே குடியிருப்பவருக்கு அது எளிதல்ல.

12. வெளியாள் தலைவரானால் நிறுவனரின் மரபு போய்விடாதா?

2017 பிப்ரவரியில் டாடா சன்ஸின் தலைவரான என். சந்திரசேகரன், நாமக்கல் மாவட்டம் மோகனூரில் பிறந்து, உள்ளூர் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர். திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் எம்.சி.ஏ. முடித்து, 1987-ல் டி.சி.எஸ்ஸில் சேர்ந்தார். டாடா குடும்பத்தோடும் அவர்களுடைய பார்சி சமூகத்தோடும் உறவில்லாதவர் அந்த நாற்காலிக்கு வந்தது அதுவே முதல் முறை. ஆனால் முப்பது ஆண்டுகள் ஒரே குழுமத்தில் இருந்தவரை வெளியாள் என்பதா? இரத்தத்தால் வெளியாள், பழக்கத்தால் உள்ளாள். இந்தச் சேர்க்கைதான் பல நிறுவனங்களுக்குக் கிடைக்காமல் போகிறது.

13. இப்படிப்பட்ட நிறுவனத்தில் எல்லாமே நீடித்து நிற்குமா?

இல்லை. இத்தனை நலத் திட்டங்களுக்கும் தொட்டிலாக இருந்த எம்ப்ரஸ் மில் 1980-களிலேயே டாடாக்களின் கையை விட்டுப் போனது. இன்று அது இயங்கவில்லை. ஒடிசாவின் கலிங்க நகரில் 2006 ஜனவரியில், எஃகு ஆலைக்கான நிலத்தை எதிர்த்த பழங்குடியினர் மீது காவல்துறை சுட்டதில் பத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நிழல் மரங்களைப் பற்றிய கடிதம் அங்கே யாருக்கும் ஆறுதலாக இருந்திருக்காது.

14. இப்போது அந்த ஏற்பாட்டின் நிலை என்ன?

2024 அக்டோபரில் ரத்தன் டாடா காலமானார். அவருடைய மாற்றாந்தாய் மகனான தம்பி நோயல் டாடா அறக்கட்டளைகளின் தலைவரானார். அதற்கு முன்பே, 2022-ல், ரிசர்வ் வங்கி டாடா சன்ஸைப் பெரிய வங்கிசாரா நிதி நிறுவனங்களின் மேலடுக்கில் வைத்திருந்தது. அந்த அடுக்கில் இருப்பவை மூன்று ஆண்டுகளில் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட வேண்டும் என்பது விதி. டாடா சன்ஸ் தன் கடன்களை அடைத்துவிட்டு, அந்த வகையிலிருந்து தன்னை விடுவிக்குமாறு கேட்டது. ஷாபூர்ஜி பல்லோன்ஜி குழுமமோ பட்டியலிட வேண்டும் என்கிறது. பட்டியலிட்டால் அந்தப் 18 விழுக்காட்டுக்குச் சந்தை விலை கிடைக்கும், கணக்குகள் எல்லோர் கண்ணுக்கும் வரும்; அதோடு, 1919-லும் 1932-லும் உருவான இரண்டு அறக்கட்டளைகள் பொதுச் சந்தைக்கு வெளியே வைத்த ஒரு நிறுவனம், காலாண்டு லாபம் கேட்கும் பங்குதாரர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.